மூன்றாவது குடம்

பத்தே கால். பதினொரு மணிக்குத்தான் கழற்றுவார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் இது என் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கட்டும். நேற்று இதே வராந்தாவின் கடைசி அறையில் ஒரு சிஸ்டர் என் நெஞ்சில் ஏழு இடத்தில் பசை வில்லை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை மாட்டி, எல்லாவற்றையும் சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டியில் சொருகி இடுப்பில் கட்டிவிட்டாள். ஒரு நாள் முழுக்க என் துடிப்பு அதற்குள் பதிவாகுமாம். துடிப்பு மட்டுமா, நினைப்பதும் சேர்ந்தா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேனே தவிர, கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். இடது பக்கத்து வில்லை அரிக்கிறது. சொறியக்கூடாது. பக்கத்தில் அத்தை, என் மாமியார், மடியில் என் பாப்பாவை இருத்தி பிஸ்கட்டைப் பிய்த்து ஊட்டுகிறார்கள். பாப்பாவுக்குக் கண் பூராவும் வராந்தாக் கோடியில் இருக்கிற குடிதண்ணீர்க் குழாய் மேல். அது மூடாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. கீழே சிமென்ட் தொட்டியில் கை வைக்க வேண்டும் அவளுக்கு. ரெண்டு தடவை நழுவி ஓடினாள், ரெண்டு தடவையும் அத்தை பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். "தண்ணிப் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல கனிஷ்கா." நாலு வயதுக்குள் அவள் எத்தனை தடவை அந்த வார்த்தையைக் கேட்டாயிற்று.

கையில் ஒரு தாள் இருக்கிறது. கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்தது. மணி, என்ன செய்தீர்கள், உடம்புக்கு எப்படி இருந்தது. நான் ஆறாவது வரைக்கும்தான் போனேன், ஆனாலும் என் எழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும். ஒரு மணி, சாப்பாடு, நன்றாக இருந்தது. ஒன்றரை மணி, படுத்திருந்தேன், நன்றாக இருந்தது. மூன்று மணி, படுத்திருந்தேன், நன்றாக இருந்தது. ஐந்து மணி, படுத்திருந்தேன். இப்படியே தாள் நிறைந்துவிட்டது. நேற்று வீட்டுக்குப் போனதும் அத்தை பாயை விரித்து, "இன்னைக்கு ஒரு நாள் நீ ஒண்ணையும் தொடக்கூடாது, ரிப்போர்ட் நல்லா வரணும்ல" என்று படுக்கப் போட்டுவிட்டார்கள். தெருக்குழாயில் குடம் பிடித்தது அத்தை, சோறு வடித்தது அத்தை, பாப்பாவைக் குளிப்பாட்டினது அத்தை. நானும் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி. இந்த மெஷின் எனக்கு நல்ல மார்க் போட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எதிர் பெஞ்சில் இருக்கிற அக்கா சொன்னதைக் கேட்ட பிறகுதான் அது தப்போ என்று தோன்றுகிறது. அவர் மெஸ் நடத்துகிறவராம், அவர் இடுப்பிலும் இதே பெட்டி. "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி கட்டி விட்டுட்டாக" என்று சிரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார். "நேத்து எட்டு கிலோ மாவு பிசைஞ்சேன். மாடிக்கு ஆறு தடவ ஏறி இறங்குனேன். எங்க வீட்டுக்காரரோட சண்டையும் போட்டாச்சு. எப்பவும் செய்யிறத செய்யணும்னுதானே சிஸ்டர் சொன்னா? படுத்துக் கிடந்தா படுத்த நெஞ்சைத்தான் அது எழுதும். நிக்கிற நெஞ்ச யாரு பாக்குறது?" அத்தை என்னைப் பார்த்தார்கள், நான் தாளைப் பார்த்தேன். சிஸ்டர் சொன்னாள்தான். எனக்கும் கேட்டதுதான். அதோடு பெட்டியில் ஒரு பட்டன் இருக்கிறது, படபடப்பு வந்தால் அமுக்கு, அமுக்கின மணியை எழுது என்றும் சொன்னாள். காலையில் பஸ் படி ஏறும்போது நெஞ்சுக்குள் மீன் துள்ளின மாதிரி ரெண்டு துள்ளு துள்ளியது. விரல் பட்டன் மேல் போய்விட்டது. அமுக்கினால் எங்கேயோ மணி அடித்து யாராவது பதறிக்கொண்டு ஓடி வருவார்களோ என்று கூச்சமாகிவிட்டது. விட்டுவிட்டேன். ஏழு மணி, பஸ், நன்றாக இருந்தது.

என் இதயத்துச் சுவர் இருபத்திரண்டு மில்லிமீட்டர். பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டியதாம். போன வாரம் டாக்டரம்மா சொன்னதிலிருந்து என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்த அகலம்தான் வரும் என்றார். எங்கள் ஷெட்டில் மருத்துவ முகாம் போட்டதால் இது தெரிந்தது. இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி மடிக்கிறவர்கள், நாலு மடிப்பு, எட்டு மடிப்பு, கட்டு கட்டி அடுக்குவோம். முகாமில் வந்த டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அங்கிருந்து இங்கே அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார், பேச்சில் அவசரம் கிடையாது. "இது பரம்பரையா வர்ற இதயத் தசை நோய். நெறைய பேரு இதோட அறுபது எழுபது வயசு வரைக்கும் இருக்காங்க. சில பேருக்கு மட்டும் துடிப்பு திடீர்னு தாறுமாறா ஓடி நின்னுபோகும். நீங்க எந்தப் பக்கம்னு நாங்க கணக்குப் போட்டுப் பாக்கணும். சுவர் தடிப்பு, வயசு, மயக்கம் போட்டதுண்டா, மெஷின்ல துடிப்பு எப்படி ஓடுது, வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா. இதெல்லாம் சேத்தா ஒரு நம்பர் வரும்." அப்போது வந்த நம்பர் மூன்று. என்னை மாதிரி நூறு பேர் இருந்தால் அஞ்சு வருஷத்துக்குள் மூன்று பேர். அது கம்மிதான், மாத்திரை போதும் என்றார். கூடினால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்க வேண்டும், நின்றுபோனால் அதுவே தட்டி எழுப்பிவிடுமாம். நூறு பேர் என்றதும் எனக்கு எங்கள் ஷெட்தான் ஞாபகம் வந்தது. ஷெட்டில் நாற்பது பேர்தான், பக்கத்து ஷெட்டையும் அதற்கடுத்த ஷெட்டையும் சேர்த்தால் நூறு வரும். நூறு பேரும் குனிந்து மடித்துக்கொண்டிருக்கிறோம், மூன்று இடம் காலியாகிறது. எந்த மூன்று என்று தேடுவேன். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் இருக்கிறவர்களாகப் பார்த்து எடுத்துவிட்டு என் இடத்தை விட்டுவிடுவேன். பிறகு பாவம் என்று அவர்களைத் திரும்ப உட்கார வைப்பேன்.

அந்த மூன்று, உண்மையான மூன்று இல்லை. வீட்டில் யாராவது திடீரென்று என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே சொல்லிவிட்டார்கள், "இவ அண்ணன் ஒருத்தன் கண்மாய்த் தண்ணியில போயிட்டான்மா, வேற ஒண்ணுமில்ல." டாக்டரம்மா பேனாவை எடுத்தார், வைத்தார். தண்ணீரில் போனது இதில் சேராது என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, "அவருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். அத்தை, "அது யாருக்கும்மா தெரியும்" என்றார்கள். அதற்குள் வீல்சேரில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள், பேச்சு அதோடு நின்றது. ஆனால் எனக்குள் நிற்கவில்லை. நீச்சல் தெரியுமா. மாத்திரை போடும்போது, துணி மடிக்கும்போது, பாப்பாவுக்குத் தலை வாரும்போது, நீச்சல் தெரியுமா. சோலைராஜ் அண்ணன் கண்மாயில் இந்தக் கரையில் குதித்தால் அந்தக் கரையில் தலை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் போகிறபோதுகூட. அவனைப் பெற்றதே தண்ணீருக்குள்தான் என்று கேலி பண்ணுவார்கள். என்னையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போவான், நான் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டு கத்துவேன், "விடுடி, செத்துருவேன்டி" என்று சிரிப்பான். அவன் முதுகுக்குள் அது அடிப்பது என் வயிற்றில் தெரியும், தப் தப் என்று, பம்புசெட் ஓடுகிற மாதிரி. அப்போது அது சந்தோஷத்தில் அடிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அத்தை நல்லவர்கள். அதுதான் தொல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, வீட்டில் நோய் நொடி ஏதும் உண்டா என்று அவர்கள் கேட்டார்கள், ஒண்ணும் இல்லைங்க, மூத்தவனைத்தான் தண்ணிக்குக் கொடுத்துட்டோம் என்று அம்மா சொன்னாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்கள். முகம் தெரியாத பையனுக்காக அப்படி அழுதவர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை வாய்க்கால் பக்கம் துணி துவைக்க விட்டதில்லை. ஆடிப்பெருக்குக்கு எல்லோரும் ஆற்றுக்குப் போவார்கள், என்னையும் பாப்பாவையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, திரும்பி வரும்போது ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் தலையில் தெளிப்பார்கள். "உங்க வீட்டுக்குத் தண்ணி ஆகாதுத்தா." அண்டாவில் தண்ணீர் நிரப்பினால்கூட மூடி போட்டு அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பார்கள். மற்றபடி பாப்பா எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். தெருவில் பையன்களோடு மூச்சு வாங்க ஓடிவிட்டு வந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாருக்கும் அதில் ஒரு பயமும் இல்லை. எனக்கு மட்டும் வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற யாரைப் பார்த்தாலும் கை காரியத்தை விட்டுவிடும்.

அண்ணனும் அப்படித்தான் நின்றான். நேற்று சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள், மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், அப்புறம் குரலைத் தணித்து, "அதச் சொல்லலைல?" என்றாள். சொல்லலைம்மா. "சொல்லிராத. நாளைப்பின்ன பாப்பாவுக்கு ஒரு இடம் பாக்கணும்ல." நாலு வயதுப் பிள்ளைக்கு இடம். எனக்குச் சிரிப்பு வந்தது, பெட்டி கேட்குமே என்று அடக்கிக்கொண்டேன். அம்மா மேல் கோபமும் வரவில்லை. அவள் பொய்யை யோசித்துச் சொன்னவள் இல்லை, நான்தானே பார்த்தேன். கார்த்திகை மாதம், விளக்கு வைக்க ஒரு மணி நேரம் இருந்தது. அப்பா மில்லில். நான் ஆறாம் வகுப்புப் பையை இறக்கிவைத்துவிட்டு அவல் தின்றுகொண்டிருந்தேன். அண்ணன் கபடி விளையாடிவிட்டு ஓடி வந்தான், வாசல் நிலையைப் பிடித்தான், "தண்ணி" என்றான், அப்படியே சரிந்தான். கொட்டாவி விடுகிற மாதிரி ரெண்டு தடவை வாயைத் திறந்தான். அவ்வளவுதான், பத்தொன்பது வயது. அம்மா, மயக்கம்தான்டி, தண்ணி கொண்டா என்றாள். ஒரு குடம் கொண்டுவந்தேன், முகத்தில் அடித்தாள். இன்னொன்று என்றாள், கொண்டுவந்தேன், தலையோடு நெஞ்சோடு ஊற்றினாள், சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சத்தம் கேட்டு வந்தவர்கள் நனைந்து கிடந்தவனைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர்தான் கேட்டார், "கண்மாயிலயா?" அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, மில் வாசலில் இதே மாதிரி விழுந்தார், முப்பத்துநாலு வயது. குடி என்று சொன்னார்கள், ஆனால் எங்கள் வீட்டு ரத்தமே சரியில்லை என்றும் ஒரு பேச்சு ஓடியது. அம்மாவுக்கு அது ஞாபகம் வந்ததா, இல்லை, கேட்ட கேள்விக்குத் தலை தானாக ஆடியதா, எனக்குத் தெரியாது. "ஆமா" என்றாள். அதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் யாரிடமும் சொல்லாதது, அம்மாவிடம்கூடப் பேசாதது. அவன் இடுப்புக்குக் கீழே காய்ந்து கிடந்தது. கால்சட்டையில் கபடி மண் காய்ந்த மண்ணாக ஒட்டியிருந்தது. எனக்குப் பதினொரு வயது, ஆனாலும் அது கண்ணில் பட்டுவிட்டது. நான் போய் மூன்றாவது குடம் கொண்டுவந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. நானே அவன் கால் மாட்டில் நின்று ஊற்றினேன், மண் கரைந்து போகிற வரைக்கும்.

பாப்பா மறுபடி நழுவிவிட்டாள். குழாயை நோக்கி ஓடுகிறாள், செருப்பு டப்டப் என்று அடிக்கிறது. அத்தை எழுந்து பின்னாலேயே போகிறார்கள். "தண்ணிப் பக்கம் போகாத, தண்ணிப் பக்கம் போகாத." நான் குழாயைப் பார்க்கவில்லை, அவள் ஓடுவதைத்தான் பார்க்கிறேன். அந்த முதுகு. அதற்குள்ளும் சுவர் இருக்கிறது, என் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது, நல்லதா கெட்டதா யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, நான் சொல்கிற வரைக்கும். மீன் துள்ளுகிறது. ரெண்டு, மூன்று, நாலு. விரல் இடுப்புக்குப் போகிறது. அமுக்கிவிட்டேன். மணி ஒன்றும் அடிக்கவில்லை, யாரும் ஓடி வரவில்லை, பெட்டி சின்னதாக ஒரு கீச்சுச் சத்தம் போட்டது, எதிர் பெஞ்சு அக்காகூடத் திரும்பவில்லை. இவ்வளவுதானா. வராந்தாக் கடிகாரத்தில் பத்தே முக்கால். எழுதினேன். பத்தே முக்கால். என்ன செய்தீர்கள். அண்ணனை நினைத்தேன். அவன் தண்ணீரில் போகவில்லை. ஓடி வந்து வாசலில் விழுந்தான். நீச்சல் நன்றாகத் தெரியும். இடம் பத்தவில்லை, அடுத்த பத்திக்குள் போய்விட்டது, உடம்புக்கு எப்படி இருந்தது என்கிற பத்திக்குள். அப்படியே எழுதினேன். தண்ணீர் நாங்கள் ஊற்றியது. மூன்று குடம். மேலே இருந்த படுத்திருந்தேன், படுத்திருந்தேன் எல்லாவற்றுக்கும் பக்கத்தில், எப்போதும் இப்படிப் படுக்க மாட்டேன், ரிப்போர்ட்டுக்காகப் படுத்தேன் என்றும் எழுதினேன். காலை ஏழு மணிக்குப் போட்டிருந்த நன்றாக இருந்ததை அடித்தேன்.

கழற்றும்போது வில்லைகளோடு தோலும் உரிந்து வருகிற மாதிரி இருந்தது. சிஸ்டர் தாளை வாங்கி மடிக்கப் போனவள் நின்று படித்தாள், என்னைப் பார்த்தாள், டாக்டரம்மா மேசையில் கொண்டுபோய் வைத்தாள். எங்களைக் கூப்பிட்டார்கள். அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. டாக்டரம்மா ரெண்டு தடவை படித்தார்.

"காளீஸ்வரி, இது நீங்க எழுதுனதா?"

"ஆமாங்க."

"அண்ணன் பேரு?"

எத்தனையோ வருஷமாக அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அந்தத் தண்ணியில போனவன் என்றுதான். "சோலைராஜ்" என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஓடி வந்து விழுந்தாரு. பத்தொன்பது வயசு. சரி. அவரத் தவிர?"

"சித்தப்பா ஒருத்தருங்க. முப்பத்துநாலு."

அத்தை என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். "அப்ப தண்ணி இல்லையா?"

"இல்லத்தை."

"கண்மா இல்லையா?"

"இல்லத்தை. வாசல்ல."

அத்தை ஏசுவார்கள் என்று தோள் தானாக ஒடுங்கிக்கொண்டது. அத்தை இடுப்பில் இருந்த பாப்பாவை மேலே ஏற்றிக்கொண்டார்கள். "நாலு வருஷமா புள்ளைய ஒரு வாய்க்கால்ல கால் நனைக்க விடலையே நான்" என்றார்கள். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை, யாரிடமும் சொன்ன மாதிரியும் இல்லை. அப்புறம் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "இவளுக்கு அந்தக் கருவி வைக்கணுமாம்மா?" என்றார்கள்.

"கணக்கு இப்ப மாறுது. மூணுன்னு சொன்னேன்ல, கிட்டத்தட்ட ஆறு வரும். மெஷின் ரிப்போர்ட்டும் வரட்டும், ரெண்டையும் வச்சுப் பேசுவோம். இன்னொரு தடவ மெஷின் கட்டணும், இந்தத் தடவ படுக்கக்கூடாது." அவர் சிரிக்கவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டார். ஒரு கட்டம், குறுக்கே ஒரு கோடு, அது அண்ணன். மேலே இன்னொரு கட்டம், அதற்கும் கோடு, சித்தப்பா. ஒரு வட்டம் போட்டு உள்ளே பூராவும் பேனாவால் தீட்டினார், அது நான். என் வட்டத்துக்குக் கீழே கோடு இழுத்து ஒரு சின்ன வட்டம் போட்டார். அதைத் தீட்டவில்லை.

"இந்தச் சின்னதுக்கும் பாக்கணுமாம்மா?" அத்தைதான் கேட்டார்கள், நான் இல்லை.

"பாக்கணும். வலிக்காது. ஸ்கேன்தான். வர்ற செவ்வாக்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இத இப்படியே விட்டுவைப்போம்."

பாப்பா கையை நீட்டி அந்தச் சின்ன வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியே வந்தோம். அம்மாவுக்கு என்ன சொல்வது, ராத்திரி என் வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது, ஆறு என்றால் ஷெட்டில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்து எடுக்க வேண்டுமே, இதெல்லாம் வந்தது, போனது. நெஞ்சில் ஏழு இடமும் எரிந்தது, காற்று பட்டதும் குளிர்ந்தது. அத்தை எனக்கு முன்னால் நடந்தார்கள். என்மேல் கோபம் இருக்கும், பஸ்ஸில் வரும், இல்லை நாளைக்கு வரும், வரட்டும். வராந்தாக் கோடியில் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாப்பா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள், ஓடினாள், தொட்டிக்குள் ரெண்டு கையையும் முழங்கை வரை விட்டாள், அடித்தாள், கவுன் முழுக்க நனைந்தது. அத்தையின் கை பழக்கத்தில் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது.

"ஓடாம வெளாடு" என்றார்கள்.